கணிதமும் பௌதிகமும் ஒருங்கு கற்றல்

நம் கலாசாலையின் ஆசிரியர் அறையிற் சில மாதங்களாக ஒரு வாதம் நடந்து வருகின்றது. கணிதத்தையும் பௌதிகத்தையும் இப்போதிருக்கிறபடியே தனித்தனிப் பட்டங்களாக வைத்திருத்தல் போதுமா, அன்றி இரண்டையும் சரிநிகராகப் பயிற்றும் கூட்டுப் பட்டமொன்றும் வேண்டுமா என்பதே அவ்வாதம். (இந்நாளில் இயற்பியல் எனப் பெயர் பெற்றுள்ள சாஸ்திரத்தை யான் பௌதிகம் என்றே வழங்குகின்றேன். பழக்கம் விடவில்லை, இளைஞர் பொறுத்தருள்க.) வாதம் தேநீருடன் தொடங்கி மணியோசையுடன் முடிந்துவிடுவதால், எவரும் தம் கருத்தை முழுமையுஞ் சொல்லி முடித்ததில்லை. ஆகவே என் கருத்தை இச்சஞ்சிகையின் வாயிலாக எழுதி வைக்க எண்ணினேன். கூட்டுப் பட்டம் வேண்டும் என்பதே என் கட்சி. ஆயினும் எத்தகைய கூட்டுப் பட்டமும் நன்றென்று யான் கூறேன். அதனையும் பின்னர்ச் சொல்லுவேன்.

என் சொந்த அனுபவம் ஒன்றிலிருந்து தொடங்குகின்றேன். யான் கணிதத்தைப் பிரதான பாடமாகவும் பௌதிகத்தைத் துணைப்பாடமாகவும் கொண்டு பயின்றவன். பயின்ற கலாசாலை எதுவென்பது ஈண்டு வேண்டுவதில்லை. அங்கே இறுதி ஆண்டில் பெஸ்ஸல் சார்பு என்னும் ஒன்றைக் கற்பித்தனர். முடிவிலாத் தொடரொன்றைக் கரும்பலகையில் எழுதி, அதன் குணங்களை ஒவ்வொன்றாக நிறுவி, அது பூச்சியமாகும் இடங்களைக் குறித்துக்கொள்ளச் செய்தனர். 2.405, 5.520, 8.654 என்னும் அவ்வெண்களை யான் மனப்பாடமாக ஒப்பித்ததும், பரீட்சையில் அவ்வினாவுக்கு முழு மதிப்பெண் பெற்றதும் உண்மை. இவை எதற்கு என்று யான் கேட்டேனல்லேன், எவருஞ் சொன்னாருமிலர். அதே ஆண்டில் கலாசாலைத் தின விழாவிற்கு ஒரு மிருதங்க வித்துவான் வந்து வாசித்தார். யான் முன்வரிசையிலிருந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். யான் ஒப்பித்த எண்களுக்கும் என் கண்ணெதிரே அதிர்ந்துகொண்டிருந்த தோலுக்கும் உள்ள உறவு, பத்தாண்டு கழித்து ஒரு பழைய சஞ்சிகைத் தொகுதியைப் புரட்டியபோதுதான் எனக்குத் தெரிய வந்தது. அன்று மகிழ்ச்சி உண்டாயிற்று. அதனினும் வருத்தம் மிகுதியாக உண்டாயிற்று.

அவ்வுறவு இன்னதென்பதைச் சிறிது விரித்துரைக்க வாசகர் இடந்தரல் வேண்டும். வீணையின் தந்தியை மீட்டினால் அடிப்படைச் சுரமும், அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வுகளும் ஒருங்கே எழுகின்றன. முழு எண்களின் விகிதத்தில் அமைதலாலேயே அவை செவிக்கு ஒரே சுரமாக இனிக்கின்றன. வட்டமான தோலொன்றை விளிம்பில் இறுக்கிக் கட்டித் தட்டினாலோ அவ்வொழுங்கு இல்லை. அத்தோலின் அதிர்வுகள் பெஸ்ஸல் சார்புகளின் பூச்சிய இடங்களால் அளவிடப்படுவன. முதலது 1 எனின் அடுத்தவை 1.593, 2.136, 2.295 எனச் செல்லும். ஒன்றோடொன்று பொருந்தாத இவ்வெண்களால் எழுவது சுரமன்று, வெறும் ஓசையே. உலகத்து முரசுகளிற் பெரும்பாலன சுரங்காட்டாமைக்குக் காரணம் இதுவே. ஆயின் மிருதங்கம் சுருதி சேருகின்றதே, அஃதெங்ஙனம்?

இவ்வினாவை எழுப்பி விடை கண்டவர் நம் சர். சி. வி. இராமன். 1920-ஆம் ஆண்டில் சிவகாளி குமார் என்பாருடன் ஒரு சிறு குறிப்பும், 1934-ஆம் ஆண்டில் விரிவானதொரு கட்டுரையும் இதுபற்றி அவர் வெளியிட்டார். வலந்தலையின் நடுவே படிப்படியாக அப்பித் தேய்த்து உலர்த்தப்படும் கரிய ‘சோறு’ என்னும் பூச்சே இதன் மர்மம். அப்பூச்சு நடுவிற் கனத்தும் ஓரத்தில் மெலிந்தும் இருத்தலால், தோலின் அதிர்வுகள் இடம் பெயர்ந்து, ஒன்பது இயல்பதிர்வுகள் ஐந்து குழுக்களாகக் கூடி, 1, 2, 3, 4, 5 என்னும் முழு விகிதங்களிலேயே வந்து நிற்கின்றன. மிருதங்கஞ் செய்யும் தொழிலாளர் செவியொன்றையே துணையாகக் கொண்டு, தலைமுறை தலைமுறையாக ஒரு வகையீட்டுச் சமன்பாட்டைத் திருத்தி வந்திருக்கின்றனர் என்று கூறின் அது மிகையாகாது.

இப்பொழுது என் வருத்தத்தின் காரணம் விளங்கும். கணித ஆசிரியர் தோலை மறந்து தொடரைக் கற்பித்தார். பௌதிக ஆசிரியர், துணைப்பாட மாணாக்கருக்கு இத்துணைக் கணிதம் ஆகாதெனக் கருதி, தந்தியோடு நிறுத்திக்கொண்டார். இருவரும் நல்லாசிரியரே, இருவர்மேலும் எனக்குக் குறையில்லை. அவ்விரு வகுப்பறைகளுக்குமிடையே இருந்தது ஒரு தாழ்வாரந்தான். அதனைக் கடந்து ஒருவரையொருவர் வினவவேண்டிய காரணம் எதனையும் பாடத்திட்டம் அவர்களுக்கு அளிக்கவில்லை.

துணைப்பாடம் என்னும் ஏற்பாட்டின் இயல்பே இது. பிரதான பாடத்திற்கு உரியவன் வீட்டுப்பிள்ளை. துணைப்பாடத்திற்கு வருபவன் விருந்தாளி. விருந்தாளிக்குக் கூடத்தில் இலை போடுவரேயன்றி அடுக்களையைக் காட்டார். கணித மாணாக்கனுக்குப் பௌதிகம் சுருக்கி வழங்கப்படுகின்றது; பௌதிக மாணாக்கனுக்குக் கணிதம் சூத்திரங்களின் பட்டியலாக வழங்கப்படுகின்றது. காலமுறையும் பொருந்துவதில்லை. அலைச் சமன்பாடு முதலாண்டுப் பௌதிகத்தில் வந்துவிடுகின்றது. அதனைத் தீர்க்கும் வழியோ மூன்றாமாண்டுக் கணிதத்தில் வருகின்றது. இடையிலுள்ள இரண்டாண்டும் மாணாக்கன் விடையை நம்பிக்கையின்மேல் ஏற்றுக்கொண்டு செல்கின்றான். அண்டையிலுள்ள ஆந்திர, கருநாடக நாடுகளிற் கணிதம், பௌதிகம், இரசாயனம் மூன்றையும் சம நிறையாகக் கற்பிக்கும் பி.எஸ்ஸி. வகுப்புக்கள் நெடுங்காலம் நடைபெற்றன. அவற்றிற் பயின்று வந்த மாணாக்கரை மேல்வகுப்பில் யான் கண்டிருக்கிறேன். ஒரு துறையின் ஆழத்தில் நம் மாணாக்கர்க்குச் சிறிது குறைந்தவராயினும், ஒரு துறையிலிருந்து மற்றொன்றிற்குத் தாவுதலில் அவர்க்கு அச்சமில்லை.

முற்காலத்தில் இத்தாழ்வாரமே இல்லை. நியூட்டன் 1687-இல் வெளியிட்ட நூலின் பெயரிலேயே இயற்கைத் தத்துவமும் கணிதமும் ஒருங்கே நின்றன. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கணிதப் பரீட்சையில் ஒளியும் வான்கோள்களின் இயக்கமும் கணிதமாகவே எண்ணப்பட்டன. 1854-இல் அப்பரீட்சையில் இரண்டாமிடம் பெற்ற மாக்ஸ்வெல், பின்னர்ப் பாரடேயின் மின்காந்தக் கருத்துக்களைச் சமன்பாடுகளாக்கியதும், அச்சமன்பாடுகளிலிருந்து ஒளியே ஒரு மின்காந்த அலை என்று கண்டதும் பலரும் அறிந்தவை. ஆதலால் அவற்றை விரிக்கேன். கணிதம் பௌதிகத்திற்கு உதவிற்று என்பதை எவரும் மறுப்பதில்லை. பௌதிகம் கணிதத்திற்கு என்ன கொடுத்தது என்பதே என் கணித நண்பர்கள் கேட்கும் கேள்வி. அதற்கு யான் கூறும் விடை பூரியேயின் கதை.

அதிரும் தந்தியின் உருவை எவ்வகைச் சார்பாற் குறிக்கலாம் என்று தலாம்பேர், ஆய்லர், தானியேல் பெர்னூலி ஆகிய மூவரும் 1747 முதலாகப் பல்லாண்டு வழக்காடினர். 1807-இல் பூரியே, உலோகத்திற் சூடு பரவும் முறையை ஆராய்ந்து, எந்தச் சார்பையும் சைன், கோசைன் அலைகளின் கூட்டாக எழுதலாம் என்று துணிந்து கூறினார். இலக்ராஞ்சு அதனை ஒப்பவில்லை. பூரியேயின் நூல் 1822-இலேதான் வெளிவந்தது. அவர் கூறியது முற்றும் சரியன்று, முற்றும் தவறுமன்று. எந்த அளவிற்குச் சரி என்பதை நிறுவ 1829-இல் டிரிஷ்லே முற்பட்டார். சார்பு என்பதன் தெளிவான இலக்கணம் அம்முயற்சியின் வழியே உறுதி பெற்றது. 1854-இல் ரீமான் தொகையீட்டிற்கே புதிய வரையறை வகுத்தார். 1870-களில் காண்டர், அத்தகைய தொடர் ஒரு சார்புக்கு ஒன்றுதானோ பலவோ என்னும் வினாவைத் துருவிச் சென்று, முடிவிலிகளின் கணக் கோட்பாட்டையே கண்டுபிடித்தார். இன்று தூய கணிதத்தின் கருவறை என மதிக்கப்படுவது, சூடேறிய இரும்புக் கம்பியொன்றிலிருந்து முளைத்தது. இதனை அறியாமலே நம் மாணாக்கர் கணக் கோட்பாட்டை முதற் பருவத்தின் முதற் பாடமாகப் படிக்கின்றனர்! வேர் எங்கே, கிளை எங்கே என்று அவர்க்குத் தெரியாமற் போவதில் வியப்பென்ன?

சென்னை இராசதானிக் கல்லூரியில் 1925-இற் சேர்ந்த ஓர் இளைஞர், கணித ஆனர்ஸ் பயில விரும்பினார். தந்தையாரின் விருப்பம் பௌதிகமாக இருந்தது. பௌதிக ஆனர்ஸிற் சேர்ந்துகொண்டு, கணித வகுப்புக்களுக்கும் சென்று கேட்டு வந்தார். கூட்டுப் பட்டம் என்பது இல்லாத காலத்திற் தமக்குத் தாமே ஒன்றை அமைத்துக்கொண்ட இவ்விளைஞரே சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930-இல் பட்டம் பெற்று இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது அவர்க்கு வயது 19. கப்பலிலிருந்தபடியே, எரிந்து தணிந்த வெண்குறு விண்மீன்களைப் பற்றி அவர் சிந்தித்தார்.

அச்சிந்தனை எத்துணை எளிதானது, அதே சமயம் எத்துணைக் கணிதக் கூர்மை வேண்டியது என்பதைக் கவனிக்க. விண்மீன் தன் கனத்தாலேயே உள்நோக்கி நெருக்கப்படுகின்றது. அந்நெருக்குதலைத் தாங்க வேண்டும் அழுத்தம், அடர்த்தியின் 4/3 அடுக்காக உயர்கின்றது. விண்மீனின் நிறையும் அதில் ஒரு காரணியாக நிற்கின்றது. பௌலர் 1926-இற் காட்டியபடி, நெருங்கிய எலெக்ட்ரான்கள் தரும் அழுத்தம் அடர்த்தியின் 5/3 அடுக்கு. ஐந்து நான்கினும் பெரிது. ஆதலால் விண்மீன் எத்துணை நிறையுடையதாயினும், சுருங்கச் சுருங்க எதிர்ப்பே மிகுந்து, ஏதோவோரிடத்தில் அது நிலைபெற்றுவிடும். ஆயின் எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை அணுகுமாயின் சார்பியல் விதிகள் வேண்டும் என்று சந்திரசேகர் நினைத்தார். அவற்றைப் புகுத்திய அளவில் 5/3 என்பது 4/3 ஆக மாறிற்று. இப்போது இரு புறத்தும் ஒரே அடுக்கு. அடர்த்தி இரு பக்கத்திலிருந்தும் நீங்கிவிட, எஞ்சுவது நிறை ஒன்றே! அந்த நிறைக்கு மேற்பட்ட விண்மீன் எவ்வளவு சுருங்கினும் நிலைபெறாது. சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு என இன்று கொள்ளப்படும் அவ்வெல்லைக்கு அவர் பெயரே வழங்குகின்றது. 1935-இல் எடிங்டன் அதனை எள்ளி மறுத்தார். 1983-இல் நோபல் பரிசு வந்தது. ஓர் அடுக்கெண் மாறியதைக் கணக்கின் பிழையென்று தள்ளாமல், விண்மீனின் விதியென்று படிக்கத் தெரிந்த கண் அது. அக்கண் ஒரு வகுப்பறையில் மட்டும் உண்டானதன்று.

இதற்கு மறுதலையான கதையொன்றும் உண்டு. அதிலும் நம் நாட்டார் ஒருவரின் பெயர் வருகின்றது. இராமானுஜன் 1916-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் ‘டௌ’ சார்பு என்பதை ஆராய்ந்தார். (1-x)(1-x²)(1-x³)... என முடிவின்றிச் செல்லும் பெருக்கத்தை 24-ஆம் அடுக்கிற்கு உயர்த்தி, x-ஆற் பெருக்கி விரித்தால் வரும் கெழுக்களே அச்சார்பின் மதிப்புக்கள்: 1, -24, 252 எனத் தொடங்குவன. இதே பெருக்கத்தின் முதல் அடுக்கிற்கு ஆய்லரும், மூன்றாம் அடுக்கிற்கு யாக்கோபியும் முன்னரே அழகிய சூத்திரங்கள் கண்டிருந்தனர். பிரீமன் டைசன் என்னும் அறிஞர், பௌதிகத்திற் புகழ் பெற்றவராயினும் எண் கணிதத்தில் இளமை முதல் பற்றுடையவர். அவர் 24-ஆம் அடுக்கிற்கும் அத்தகைய சூத்திரமொன்று கண்டார். எந்தெந்த அடுக்குகளுக்கு இவ்வழகு வாய்க்கின்றது என்று பார்த்தபோது 3, 8, 10, 14, 15, 21, 24, 26 என்னும் பட்டியல் கிடைத்தது. இவ்வெண்களின் பொருள் என்ன என்று அவர்க்கு விளங்கவில்லை, விட்டுவிட்டார்.

பௌதிக மாணாக்கர் இப்பட்டியலை மீண்டும் ஒருமுறை பார்ப்பாராக. 3, 8, 15, 24: இவை இரண்டு, மூன்று, நான்கு, ஐந்தின் வர்க்கங்களிலிருந்து ஒவ்வொன்று குறைந்தவை. துகள் ஆராய்ச்சியிற் பயிலும் சமச்சீர்க் கூட்டங்களின் பரிமாணங்கள் இவை. 26 ஒன்று நீங்கலாக ஏனையவும் அவ்வினத்தனவே. டைசன் பௌதிகராக நாள்தோறும் கையாண்ட எண்கள்! எண் கணிதராக இருந்தபோது அவற்றை அவர் அடையாளங் காணவில்லை. அதே காலத்தில் இயன் மாக்டனால்டு என்னும் கணிதர் இவ்வுறவை முழுமையுங் கண்டு 1972-இல் வெளியிட்டார். அவரும் ஓராண்டு பிரின்ஸ்டனில் டைசனிருந்த நிலையத்திலேயே இருந்தார். இருவர் புதல்வியரும் பள்ளியில் ஒரே வகுப்பு. அதனால் தந்தையர் அவ்வப்போது சந்தித்ததும் உண்டு. ஒருவர் கணிதர், மற்றவர் பௌதிகர் ஆதலால், தம் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. இவ்வளவையும் 1972-ஆம் ஆண்டுச் சொற்பொழிவொன்றில் டைசனே வெளிப்படையாக எடுத்துரைத்து, தம்முள்ளிருந்த எண் கணிதரும் பௌதிகரும் தமக்குள் பேச்சற்றிருந்தமையே அவ்வாய்ப்பை இழந்ததற்குக் காரணம் என்று ஒப்புக்கொண்டார். ஒரே மனிதரின் தலைக்குள்ளேயும் தாழ்வாரம் உண்டு போலும்.

இனி மறுப்புரைகளைப் பார்ப்போம். அவற்றுள் வலிமையுடையவை இரண்டு.

பௌதிகப் பகுதியிலுள்ள என் நண்பரொருவர் கூறுவது இது: “கணிதத்திற் பற்றுள்ள பிள்ளைகள் சோதனைச்சாலைக்கு அஞ்சுவர். கூட்டுப் பட்டம் வந்தால், அதனைச் சோதனையிலிருந்து தப்பும் வழியாகக் கொள்வர். பௌதிகம் என்பது கைத்தொழில் ஐயா. நிறமாலைமானியைச் சமன் செய்ய அரைநாள் வியர்த்தவனுக்கே அதன் அளவின் அருமை தெரியும்.” இதனை யான் முழுதும் ஒப்புகின்றேன். பாரடேயிடம் கணிதம் மிகக் குறைவு. காந்தத்தைச் சுற்றி இரும்புத் தூளைத் தூவிப் பார்த்த கையும் கண்ணுமே அவரிடம் இருந்தன. அவை இன்றேல் மாக்ஸ்வெல் எழுதுவதற்குப் பொருளில்லை. ஆகவே, சோதனைச்சாலை நேரத்தைக் குறைத்துக் கணிதத்திற்குக் கொடுக்கும் கூட்டுப் பட்டமாயின் அதனை யானும் எதிர்ப்பேன். பிற நாட்டுச் சர்வகலாசாலைகள் சிலவற்றிற் கூட்டுப் பட்ட மாணாக்கர்க்குச் சோதனையை விருப்பப் பாடமாக்கி விடுகின்றனர். அஃது என் கருத்துக்கு ஒத்ததன்று.

மற்றொரு மறுப்பு என் பகுதியிலிருந்தே வருவது. நிறுவல் என்பது கணிதத்தின் உயிர். பௌதிகரோ, எல்லைகளை மாற்றிப் போடுவர். முடிவிலாத் தொடரை உறுப்புறுப்பாக வகையிடுவர். Dx-ஐ ஒரு சிறு எண்போல் எடுத்து வகுப்பர். காலையில் ஒரு வகுப்பிற் குற்றமென்று கற்றதை மாலையில் மற்றொரு வகுப்பில் வழக்கமென்று கற்கும் பிள்ளை என்னாவான்? இம்மறுப்பு விளையாட்டன்று. முதலாண்டிற் பிள்ளைகள் உண்மையாகவே தடுமாறுவர். ஆயினும் டிராக்கின் ‘டெல்டா’ச் சார்பை நினைவு கூர்க. ஓரிடந் தவிர எங்கும் பூச்சியமாயும், மொத்தத் தொகையீடு ஒன்றாயும் உள்ள ஒரு ‘சார்பு’ கணித இலக்கணப்படி இருத்தற்கியலாது. டிராக் அதனைத் தயங்காது கையாண்டு சரியான விடைகளைப் பெற்றார். இருத்தற்கியலாதது எவ்வாறு சரியான விடை தரும் என்று கவலைப்பட்ட கணிதர்களின் முயற்சியால், 1940-களில் லோரான் சுவார்ட்ஸ் பரவல்களின் கோட்பாட்டை வகுத்தார். துணிந்து நடப்பவரும் வேண்டும். நடந்த வழியில் நிலம் உறுதியா என்று தட்டிப் பார்ப்பவரும் வேண்டும். காலை வகுப்பிற்கும் மாலை வகுப்பிற்கும் உள்ள முரணை மாணாக்கனிடம் மறையாமல் எடுத்துச் சொல்லும் ஆசிரியர் இருப்பின், அம்முரணே அவன் பெறும் கல்வியிற் சிறந்த பகுதியாகும். மறைப்பின், அவன் இரு துறையையும் நம்பாதவனாவான்.

பெற்றோர் கேட்கும் கேள்வி வேறு: “பட்டச் சான்றிதழில் என்ன பெயர் இருக்கும்? கணித ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தாற் பௌதிகம் என்பார்களோ? பௌதிக வேலைக்குச் சென்றாற் கணிதம் என்பார்களோ?” இக்கேள்வியை நகைத்துத் தள்ளுதல் தகாது. கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க அனுப்பும் குடும்பத்திற்கு இரண்டாம் வாய்ப்பு இல்லை. இரு துறையிலும் இப்பட்டம் இணையானதென்று சர்வகலாசாலை எழுத்துமூலம் அறிவித்த பின்னரே முதல் மாணாக்கனைச் சேர்த்தல் வேண்டும். பட்டத்தை முதலில் தொடங்கி, இணைமதிப்பைப் பின்னர்த் தேடுதல், மணமக்களை மேடையில் இருத்திவிட்டு முகூர்த்தம் பார்ப்பதை ஒக்கும்.

மூன்றாண்டில் இரண்டு முழுப் பட்டங்களை அடக்க இயலாது என்பதும் வெளிப்படை. ஏதேனும் விடப்பட வேண்டும். எதை விடுவது என்பதை நேர்மையாகச் சொல்லாத திட்டம், மாணாக்கனின் உறக்கத்தையே விடச் சொல்கின்றது. கணிதத்தில் மெய்ப்பகுப்பாய்வு, நேரியல் இயற்கணிதம், வகையீட்டுச் சமன்பாடுகள், சிக்கலெண் சார்புகள் ஆகியவற்றில் ஒரு வரியும் குறைத்தலாகாது. கோட்டுருவியலையும் செயலாய்வுக் கணக்குகளையும் விட்டுவிடலாம்; அவற்றைக் கற்பிக்கும் நண்பர்கள் என்மீது சினங்கொள்வர், கொள்ளட்டும். பௌதிகத்தில் இயக்கவியல், மின்காந்தம், ஒளி, வெப்பம், குவாண்டக் கோட்பாடு ஆகியவை முழுமையாகவும், மின்னணுச் சுற்றுக்கள் சுருங்கியும் நிற்கலாம். வாரம் ஒரு முழுப் பிற்பகல் சோதனைச்சாலை. அதற்கும் மேலாக, வாரத்தில் ஒரு மணி நேரமேனும் இரு பகுதி ஆசிரியரும் ஒரே வகுப்பில் ஒருங்கே நிற்றல் வேண்டும். இவ்வொன்று இல்லையேல், இரண்டு அரைத் துணிகளைத் தைத்து ஒரு வேட்டியென்று விற்பதாகவே முடியும். இப்போதுள்ள துணைப்பாட முறையே அதனினும் மேலானது.

இப்பட்டம் எல்லார்க்கும் உரியதன்று. நிறுவலின் அழகுக்காகவே கணிதத்தை நாடும் மாணாக்கன் தனிக் கணிதமே பயில்க. கருவிகளைப் பிரித்துக் கூட்டுவதில் மகிழ்பவன் தனிப் பௌதிகமே பயில்க. ஆண்டிற்குப் பதினைந்து இருபது பேர், இரண்டிலொன்றைத் தெரிந்தெடுக்க மனமில்லாமல் நம் அலுவலகத்தின் முன் விண்ணப்பத்துடன் நிற்கின்றனர். அவர்களையே யான் கருதுகின்றேன். சென்னைக்கருகே சிறுசேரியிலுள்ள சென்னைக் கணித நிறுவனம், கணிதமும் பௌதிகமும் சேர்ந்ததொரு பி.எஸ்ஸி. ஆனர்ஸ் பட்டத்தை இன்று வழங்குகின்றது. ஆனால் அங்கே நுழையத் தனிப் பரீட்சையிற் கடும் போட்டி. சிற்றூர்ப் பள்ளியிலிருந்து வரும் நம் மாணாக்கருட் பலர் அதன் பெயரையே கேட்டதில்லை. அவர்க்கு நாம்தான் செய்ய வேண்டும்.

சென்ற மாதம், சொல்லிக்கொண்டிருப்பதைச் செய்தும் பார்ப்போம் என்று, மேற்கூறிய பௌதிக நண்பரும் யானும் ஒரு பிற்பகல் இரு பகுதி மாணாக்கரையும் ஒரே கூடத்தில் கூட்டினோம். ஒரு பறையும் ஒரு மிருதங்கமும் கொணர்ந்து வைத்தோம். கைப்பேசியில் ஓசையைப் பகுத்துக் காட்டும் வசதி இப்போதுண்டு. பறையைத் தட்டியபோது எண்கள் கரும்பலகையிலிருந்த பெஸ்ஸல் வரிசையை ஏறக்குறைய ஒட்டி வந்தன. தோலுக்கடியிலுள்ள காற்றும் தோலின் விறைப்பும் சிறு வேறுபாட்டை உண்டாக்கின என்று நண்பர் விளக்கினார். மிருதங்கத்தைத் தட்டியபோது முழு எண்கள் வந்தன. கூடத்தில் ஒரு கணம் பேச்சில்லை. பின்னர் இரண்டாமாண்டு மாணவியொருத்தி எழுந்து, “சோற்றின் கனம் நடுவிலிருந்து ஓரம் வரை எப்படிக் குறைய வேண்டும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்ல முடியுமா? அந்தக் கனத்திற்கு ஒரே விடைதானா, பல விடைகள் உண்டா?” என்று வினவினாள். நண்பர் என்னைப் பார்த்தார். யான் அவரைப் பார்த்தேன். வரும் வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு அதே கூடத்தில் மீண்டுங் கூடுவதென்று முடிவாயிற்று. மிருதங்கத்தைத் திருப்பித் தருவதற்கும் ஒரு வாரம் தவணை கேட்டிருக்கின்றோம்.